பத்துப் பாகச் சேறு

புன்னைக்காயல் ஜோன்சுக்கு ஒரு விஷயத்தை நம்பவைப்பதும் ஐப்பசி மழையில் கருவாடு காயப்போடுவதும் ஒன்றுதான். கோவிலில் சாமியார் பொதுவாக ஒரு புத்தி சொன்னால்கூட, தன்னைப் பற்றி யார் போய் இவரிடம் போட்டுக்கொடுத்தது என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆள் தேடுவான். பெண்டாட்டி அமலோற்பவம் குழம்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ருசியாக வைத்துவிட்டால் போயிற்று. என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பான். இந்த மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியதற்கே தனக்கு மோட்சம் நிச்சயம் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்பா கடலோடு போன பிறகு தங்கை ஃபிளோராவைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நகை போட்டு, உள்ளூரிலேயே ரெக்சனுக்குக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். ஒரு ஃபைபர் வள்ளம், கொஞ்சம் வலை, இவற்றோடு யாருக்கும் தெரியாத ஒரு பார். அவன் சொத்து இவ்வளவுதான். அதிலும் பார் போய்விட்டால் மற்ற இரண்டும் இருந்தும் பிரயோஜனமில்லை.

பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டும் சேறு அந்தக் கடலில் வெகுதூரம் பரந்து கிடக்கும். சேற்றில் கிடைப்பது எல்லாருக்கும் கிடைக்கும். நடுவில் எங்காவது ஒரு பார் தலைநீட்டினால் நல்ல விலை போகும் விளமீனும் கலவாவும் அங்கே வந்து அடையும். ஜோன்சின் பார் கரையிலிருந்து பார்த்தால் மாதா கோவில் கோபுரத்துக்கும் ஒரு ஒற்றைப் பனைக்கும் நேர் வைத்துப் பிடிக்கும் இடத்தில் இருந்தது. சுற்றிலும் பத்துப் பாகம் ஆழத்தில் சேறு, பாரின் முதுகு மட்டும் ஆறு பாகத்தில். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அது ஒரு பாகம். பாறையில் மாட்டி ஒரு வலையைப் பறிகொடுத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் அவன். அங்கே போகும் நாளில் முதலில் வடக்கே ஓடி, கண்ணில் படகு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வள்ளத்தைத் திருப்புவான். கரைக்கு வரும்போது கலவாவை அடியில் போட்டு மேலே சாளையைப் பரப்பியிருப்பான். இந்தக் கூத்தெல்லாம் அந்தக் கரையில் புதிதில்லை, எல்லாரும் செய்வதுதான். ஜோன்ஸ் அதில் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

அப்படிப்பட்டவன், கடலின் ஆழம் பார்க்கும் எக்கோ மிஷின் ஒன்று வாங்கினான். திருநெல்வேலிக் கடையிலிருந்து வந்து அதை வள்ளத்தில் பொருத்திக் கொடுத்தவர் வன்னியராஜ் என்ற மெக்கானிக். வள்ளத்தின் அடியில் ஒரு சென்சார், மேலே ஒரு சின்னத் திரை. சென்சார் கீழ்நோக்கிச் சத்தம் அனுப்பும். அது தரையில் மோதித் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறதோ அதை வைத்து ஆழம் தெரியும். வலுவாகத் திரும்பினால் பாறை, சோர்ந்து திரும்பினால் சேறு. வள்ளம் அப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்து நொடிக்கு நொடி மிஷின் எழுதிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் செல்போனில் இணைத்துவிட்டால் கடலடிப் படமே வரைந்து கொடுக்கும் என்று வன்னியராஜ் சொன்னபோது, ஜோன்ஸ் அவரைப் பற்றித்தான் சந்தேகப்பட்டான். பாருக்கு இவரையும் கூட்டிப்போக வேண்டுமோ என்று கேட்டான். வேண்டாம், எல்லாவற்றையும் மிஷினே பார்த்துக்கொள்ளும் என்றதும் நிம்மதியாயிற்று. மிஷினுக்கு வாய் இல்லையே. முதல்முறை இணைத்தபோது செல்போன் வரிசையாக ஏதேதோ கேட்டது. ஊரில் ஒருவனையும் நம்பாத ஜோன்ஸ், அது கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அமுக்கிக்கொண்டே போனான்.

மறுநாள் படம் வந்தது. நீலமும் மஞ்சளுமாக, பாரின் முதுகு, விளிம்பு, பள்ளம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. இத்தனை வருஷம் கயிற்றைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்த இடத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தான். அமலோற்பவத்துக்குக்கூடக் காட்டவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் மச்சான் ரெக்சனைக் கூட்டிக்கொண்டு பாருக்குப் போனான். போனைக் கரையில் வைத்துவிட்டு வரும்படி சொன்னான். ரெக்சன் சிரித்துக்கொண்டே போனை ஃபிளோராவிடம் கொடுத்துவிட்டு வந்து ஏறினான். அன்றைக்குக் கடலில் மூட்டம், கோபுரமும் தெரியவில்லை, பனையும் தெரியவில்லை. அதற்கும் ஜோன்ஸ் மாதாவுக்கு நன்றி சொன்னான்.

சில வாரம் கழித்துப் பாருக்குப் போனால் அங்கே இரண்டு வள்ளம் நிற்கிறது. அடுத்த முறை போனபோது வீரபாண்டியன்பட்டினத்துக்காரர்களும் நின்றார்கள். ஜோன்சுக்குச் சம்பாத்தியம் போனதுகூட இரண்டாவது. யார் சொன்னது என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. யோசிக்கவும் அதிகம் வேண்டியிருக்கவில்லை. புதிதாக அங்கே வந்துபோனவன் ஒருத்தன்தான். மீன் ஏலம் விடும் இடத்தில், நாலு பேர் பார்க்க, ரெக்சனை நிறுத்திக் கேட்டான்.

"தங்கச்சியத் தந்தேன். பாரையும் நீயா எடுத்துக்கிட்டியால?"

ரெக்சன் வாயாடி இல்லை. தான் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒரே தடவை சொன்னான். சொல்லிவிட்டு நின்று வாதாடாமல் போய்விட்டான். வாதாடாமல் போனதே ஜோன்சுக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஃபிளோரா மகளுக்குப் புதுநன்மை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த நாளில் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, பிள்ளையைக் கைப்பிடித்துக் கோவிலுக்கு அழைத்துப்போக வேண்டும். ஃபிளோரா ஆள் அனுப்பினாள். ஜோன்ஸ் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

சந்தேகம் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்குமா? அடுத்தது வன்னியராஜ் பக்கம் போயிற்று. அவர் மிஷினுக்குள் ஏதாவது வைத்திருந்தால்? போனில் கேட்டால் அவர், தான் பொருத்துவதோடு சரி என்று சொல்லி, கம்பெனியில் இந்தப் பக்கத்துப் புகார்களைக் கவனிக்கும் பத்மப்ரியாவின் நம்பரைக் கொடுத்தார். ஆழ்வார்திருநகரியில் அப்பா வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிற பெண். போனில் சொல்லுவதை எவன் நம்புவான்? நேரே பார்த்துக் கேட்டுவிடுவது என்று ஆத்தூரில் பஸ் மாறி, வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, வீட்டை விசாரித்துப் போய் நின்றான். அந்தப் பெண் திகைத்துப்போனாலும் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். காபியைக் கொடுத்து ஆளை அமுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டே குடித்தான்.

அவள் லேப்டாப்பைத் திறந்து அவனுடைய பாரையே காட்டினாள். அவன் வீட்டில் மறைத்து வைத்த அதே நீலம், அதே மஞ்சள். அவள் பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு படகும் எழுதிவைக்கிற ஆழமும் இடமும் கரைக்கு வந்ததும் கம்பெனிக்குப் போய்விடும். அங்கே மென்பொருள் அதைச் சலிக்கும். அலையில் படகு குதித்ததையும், மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பிய பொய்ச் சத்தத்தையும் தள்ளிவிடும். கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி ஆழத்தைச் சரிசெய்யும். பிறகு ஒரு படகு போன கோட்டோடு இன்னொரு படகு போன கோட்டைச் சேர்க்கும். கோடு விழாத இடைவெளியை அக்கம்பக்கத்து ஆழத்தை வைத்துத் தானே நிரப்பிக்கொள்ளும். கடைசியில் ஒரே படமாக்கி, சேர்ந்திருக்கிற எல்லாருக்கும் திருப்பி அனுப்பும்.

"பகிர்ந்துக்கலாமான்னு முதல்லயே கேட்டிருக்கு. நீங்கதான் சரின்னு குடுத்திருக்கீங்க, அண்ணாச்சி" என்றாள்.

அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். இனிமேல் போகாமல் நிறுத்தலாம், போனது போனதுதான் என்றாள். ஆனால் ஒருமுறை வரைந்த படம் அப்படியே நிற்காது, புதிதாக வருகிற கணக்குக்கு மதிப்பு அதிகம், ஆறு சேறு கொண்டுவந்து கொட்டுகிற கடல் இல்லையா என்றாள். பேச்சோடு பேச்சாக அவன் மிஷினில் இருந்த ஒரு சின்னப் பிசகையும் காட்டினாள். சென்சார் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒரு எண் போட வேண்டும். திரும்பிவந்த ஆழத்தோடு மிஷின் அதைக் கூட்டிக்கொள்ளும். அதைத் தப்பாகப் போட்டால் படமே தப்பாகிவிடும் என்று எச்சரித்தாள். ஜோன்ஸ் அதை எங்கே மாற்றுவது என்பதை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டு எழுந்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பாரைக் காட்டிக்கொடுத்தது தன் விரல்தான். ரெக்சன் பொய் சொல்லவில்லை. நேரே அந்த வீட்டுக்குப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். புதுநன்மைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாள். ஆனால் சொன்னால் என்னவாகும்? பார் படத்திலேயே இருக்கிறது என்று ரெக்சனுக்கும் தெரிந்துபோகும். அவனோடு பங்குக்கு வள்ளம் வைத்திருக்கும் கூட்டாளியும் இதே எக்கோவைத்தான் வாங்கியிருக்கிறான். அது மட்டுமா, மிஷின் சொன்னது சரி, ரெக்சனும் சேர்ந்து சொல்லியிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? முதலில் படத்தைச் சரிக்கட்டுவோம், மச்சானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினான். மனசு இப்படித்தான் தனக்கு வேண்டியபடி வழக்குப் பேசும். ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் மட்டும் சீரை எடுத்துக்கொண்டு பெண்களோடு போனாள். திரும்பி வந்து அவனிடம் சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு ஜோன்ஸ் செய்த காரியம் அந்தக் கரைக்காரனுக்குத்தான் தோன்றும். பக்கத்துப் படகுக்காரனுக்குச் சொல்லுகிற பொய்யை மிஷினுக்கும் சொல்லத் தொடங்கினான். பாரின் விளிம்பு வந்ததும் பத்மப்ரியா காட்டிய எண்ணில் நாலு பாகத்தைக் கூட்டுவான். பாரைத் தாண்டியதும் கழித்துவிடுவான். ஆறு பாகப் பார், மிஷின் கணக்கில் பத்துப் பாகமாகிவிடும். திரும்பிவரும் சத்தத்தின் வலுவையும் குறைத்துவைத்தான். பாறை சேறாகிவிட்டது. பகிர்வதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பொய் எப்படிப் போய்ச் சேரும்? மீன்கூடப் பிடிக்காமல், உழவு மாட்டைப்போல மேலும் கீழுமாகப் பாரின் மேலே ஓட்டி ஓட்டிக் கோடு போட்டான்.

ஒருவாறு படத்தில் மஞ்சள் வெளுத்து, சுற்றிலும் உள்ள நீலத்தோடு கரைந்தது. அந்த இடத்தில் பத்துப் பாகச் சேறு என்று காட்டியது. அக்கம்பக்கத்து ஊர்களில் எக்கோ வைத்திருந்தவர்களே சிலர்தான். அந்த இடத்தில் கோடு போட்டு ஓடுகிற பைத்தியம் இவன் ஒருத்தன்தான். அதனால் இவன் சொன்னதே கடலாயிற்று. வெளியூர் வள்ளங்கள் குறைந்தன. உள்ளூர்க்காரர்களும், ஆற்றுச் சேறு பாரை மூடிவிட்டது போலிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். அமெரிக்காக்காரன் மிஷினையே ஏமாற்றிவிட்டோம் என்று ஜோன்சுக்குத் தலைகால் புரியவில்லை. அது எந்த நாட்டு மிஷின் என்று அவனுக்கு உண்மையில் தெரியாது.

ஆவணியில் ரெக்சனைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

திருக்கை வலை போட்டிருக்கிறான். தரையோடு கிடக்கிற வலை அது, சேற்றில்தான் போட வேண்டும். இழுக்கும்போது அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. நீரோட்டம் வள்ளத்தை ஒரு பக்கம் தள்ள, கயிறு விறைத்து, பிடித்திருந்த வலதுகையை வள்ளத்தின் விளிம்போடு வைத்து நசுக்கிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வலை கடலோடு போயிற்று. எந்த இடம் என்று அமலோற்பவம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். அது ஜோன்சின் பார்.

ஆஸ்பத்திரிக்குப் போனான். இவ்வளவு ஆன பிறகு போகாமல் இருக்க அவன் ஒன்றும் மிருகமில்லை. ஃபிளோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெக்சன்தான், மருந்து மயக்கத்தோடு, பக்கத்தில் வரச்சொன்னான். படத்தில் படகு ஓடிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும், பேர் இருக்காது. ஆனால் அப்படி நூல் பிடித்தாற்போலக் கோடு போட ஊரில் வேறு யாரால் முடியும் என்று கேட்டான்.

"அது நீரு ஓட்டுன கோடுன்னு பாத்ததுமே தெரிஞ்சிட்டு மச்சான். நம்ம மச்சான் பாத்த எடம், தப்பாதுன்னுதான் எக்கோவக்கூடப் போட்டுப் பாக்காம வலையப் போட்டேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் குத்திக்காட்டுகிறான் என்று ஜோன்ஸ் நினைத்திருப்பான். அந்த முகத்தில் அப்படி எதையும் தேடி எடுக்க முடியவில்லை. எத்தனையோ பேர் மேல் சந்தேகப்பட்டவனுக்கு, தன்னை ஒருத்தன் இவ்வளவு தூரம் நம்பியிருப்பான் என்ற சந்தேகம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. வராந்தாவில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாளே எண்ணைச் சரியாகப் போட்டுக்கொண்டு பாரின் மேலே ஓட்டினான். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஓட்டினான். படம் அசையவில்லை. பத்துப் பாகச் சேறு அப்படியே கிடந்தது. வெளியூர்க்காரன் ஒருத்தன் இதைப் பார்த்து நாளைக்கே வலையைப் போடுவான் என்ற பயத்தில் பத்மப்ரியாவுக்குப் போன் செய்தான். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஒரே படகு ஒரே இடத்தை முதலில் ஆறு என்றது, பிறகு பத்து என்றது, இப்போது மறுபடி ஆறு என்கிறது. அதனால் மென்பொருள் அந்தப் படகின் கணக்கையே ஒதுக்கிவைத்துவிட்டது.

"உங்க படகு சொல்றத அது இப்போ நம்பல, அண்ணாச்சி. வேற ஒரு மிஷின் அதே எடத்துல ஓடி, அதே ஆழத்தச் சொன்னாத்தான் மாத்தும். அதுவரைக்கும் அந்த இடத்துல ஆபத்துன்னு ஒரு குறி போடச் சொல்லிக் கேக்குறேன். ஆமா, என்ன நடந்துச்சு?"

ஜோன்ஸ் போனை வைத்துவிட்டான்.

வேறு மிஷின் என்றால் ஊரில் மூன்று நான்கு பேரிடம் இருந்தது. கேட்டால் தருவார்கள், ஏன் எதற்கு என்று கடற்கரை முழுக்கக் கேட்பார்கள். ரெக்சன் படகின் எக்கோவைக் கழற்றி அவன் வீட்டில்தான் வைத்திருந்தார்கள், கை ஆறும்வரை அந்தப் படகு கடலுக்குப் போகப்போவதில்லை. அங்கே கேட்டால் ஒரே வீட்டில்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஒரு வீட்டில் சொல்லுவதற்கு, ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடலாம். இரண்டு நாள் அந்தத் தெருவரை போய்த் திரும்பினான். மூன்றாம் நாள் படியேறிவிட்டான்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரெக்சன் நாற்காலியில் இருந்தான். ஃபிளோரா கதவோரம் நின்றாள். ஜோன்ஸ் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நாலு பாகம் கூட்டிவைத்ததை, பாறையைச் சேறாக்கியதை, தன் மிஷினை இப்போது அது நம்பாததை, ரெக்சன் வீட்டு மிஷின் வேண்டியிருப்பதை. ரெக்சன் கேட்டுக்கொண்டிருந்தான். கட்டின் மேல் ஈ உட்காரும்போது மட்டும் இடதுகையால் ஓட்டினான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பாரக் காட்டிக்குடுத்தது நானில்ல, மிஷினுதான்னு உமக்கு எப்பம் தெரியும்?"

"ஆழ்வார்திருநகரிக்குப் போயிக் கேட்டம்லா, அன்னைக்கே தெரியும்."

"அது பிள்ளைக்குப் புதுநன்மைக்கு முன்னாடியா, பொறவா?"

பிறகு என்று சொல்லிவிட ஜோன்சுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் யாரும் போய் விசாரிக்கப்போவதில்லை. கடலுக்கே பொய் சொன்னவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"முன்னாடிதான்" என்றான்.

ஃபிளோரா கதவைவிட்டு முன்னால் வந்தாள்.

"பூசைக்கு மணி அடிச்ச பொறவும் எம்பிள்ள படிய விட்டு எறங்கலண்ணே. மாமா வருவாவ, கூட்டிட்டுப் போவாவன்னு நின்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரெக்சன் எழுந்து, அலமாரிக்கு மேலே துணி சுற்றி வைத்திருந்த மிஷினை இடதுகையால் எடுக்கப் பார்த்தான். ஜோன்ஸ் கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தான். தானே எடுத்து, நாற்காலியில் வைத்தான்.

"கொண்டு போயி ஒழுங்காக் கோடு போடும். இனிமே ஒரு ஆளுக்கும் கை போயிரக் கூடாது. படம் சரியானதும் இத இங்கன கொண்டு வராண்டாம். கூட்டாளி வீட்டுல குடுத்துரும்."

நல்ல வெயிலில், புறப்படும்போதே நேரே பாருக்கு வள்ளத்தை விட்டான் ஜோன்ஸ். சுற்றியிருந்த படகுகளெல்லாம் பார்த்தன. இரண்டு படகு பின்னாலேயே வந்தது. யாரையும் அவன் விரட்டவில்லை. மச்சானின் மிஷினை வைத்துக்கொண்டு நாள்முழுக்க அந்தப் பாரின் மேலே வடக்கும் தெற்குமாக ஓட்டினான். அவர்கள் அவன் கண்முன்னாலேயே தூண்டில் போட்டுக் கலவாவைத் தூக்கினார்கள். அந்த வாரமே படத்தில் ஆறு பாகமும் மஞ்சளும் திரும்பி வந்தன, ஊரில் எல்லார் போனிலும். மிஷினைத் துடைத்து எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போய்க் கொடுத்தான். ரெக்சன் வீட்டிலேயே கொடுத்திருக்கலாமே, பக்கத்துத் தெருதானே என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். ஜோன்ஸ் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கினான்.